வயிற்று ஆபரேஷனுக்குப் பிறகு வரும் முதல் ராத்திரி: மரத்துப்போகும் ஊசி எதுவரை கைகொடுக்கும்?

இந்த முறை பதிலுக்கு எடுத்துக்கொண்டது 47 வயதுப் பெண்மணி ஒருவரின் கடிதம். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். நான்கு பக்கக் கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

கர்ப்பப்பையில் நார்த்திசுக் கட்டிகள். இரண்டு வருடமாக மாதவிலக்கில் ரத்தப்போக்கு அதிகமாகி, ஹீமோகுளோபின் 7 வரை இறங்கி, இரும்புச்சத்து ஊசிகள் போட்டு இப்போது 10.5-க்கு வந்திருக்கிறது. கட்டி பெரியது என்பதால் வயிற்றைத் திறந்துதான் கர்ப்பப்பையை எடுக்க வேண்டும் என்று மகப்பேறு மருத்துவர் சொல்லிவிட்டார். இன்னும் மூன்று வாரத்தில் ஆபரேஷன். எடை 60 கிலோ. சுகர், பி.பி. இரண்டும் உண்டு. "சுகருக்கு ஒன்று, பி.பி.க்கு ஒன்று, ரத்தம் லேசாக ஒன்று" என்று மூன்று மாத்திரை சாப்பிடுகிறார்.

இரண்டு சிசேரியன் ஆனவர். முதலாவது முழு மயக்கத்தில். அன்றைய ராத்திரியைப் பற்றி அவர் எழுதியதை அப்படியே தருகிறேன்: "குழந்தை பக்கத்தில் அழுகிறாள். என்னால் ஒருக்களித்துப் படுக்கக்கூட முடியவில்லை. நர்ஸைக் கூப்பிட்டேன். 'எல்லாருக்கும் இப்படித்தாம்மா, பொறுத்துக்கோ' என்று சொல்லிவிட்டுப் போனார். 22 வருஷம் ஆகிவிட்டது, அந்த ராத்திரி மட்டும் மறக்கவில்லை." இரண்டாவது சிசேரியன் முதுகில் ஊசி போட்டு. அந்த ஊசியால்தான் இன்றுவரை முதுகுவலி என்று நம்புகிறார்.

இந்த முறை மருத்துவமனையில், "முதுகில் ஊசி போட்டுச் செய்யலாம், அல்லது முழு மயக்கம் கொடுக்கலாம். முடிவில் வயிற்றின் இரண்டு பக்கமும் ஸ்கேன் பார்த்து மரத்துப்போக ஊசி போட்டால் வலியே தெரியாது" என்று சொன்னார்களாம். ஆனால் ஆறு வருடம் முன்பு பல் பிடுங்கும்போது மரத்துப்போக ஊசி போட்டதும் நெஞ்சு படபடத்து, கை நடுங்கி, கண் இருட்டிக்கொண்டு வந்திருக்கிறது. தனக்கு அந்த மருந்து அலர்ஜி என்று நினைக்கிறார். வலி மருந்து போட்டால் தையல் ஆறாது, உடம்பு அதற்கே பழகிவிடும் என்கிறார் நாத்தனார். "எதுக்கு டாக்டரை நோண்டிக்கிட்டு, நான் கையெழுத்துப் போட்டுடறேன்" என்கிறார் கணவர். இவர் கேட்பது ஒன்றுதான்: "அந்த ராத்திரி திரும்ப வராமல் இருக்க நான் என்ன கேட்க வேண்டும், எதற்குப் பயப்பட வேண்டும்?"

அன்புள்ள சகோதரி,

நான் மயக்க மருந்து மருத்துவர். முதலில் அந்த நர்ஸின் பதிலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வலி எல்லாருக்கும் வரும் என்பது உண்மை. அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பது உண்மையில்லை. பொறுத்துக்கொள்வதால் உடம்புக்கு ஒரு நன்மையும் கிடையாது, கெடுதல் உண்டு. வயிறு வலிக்கிறவர் ஆழமாக மூச்சு இழுக்க மாட்டார், இருமிச் சளியை வெளியேற்ற மாட்டார். நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கி அங்கே சளி தங்கும், நிமோனியாவுக்கு வழியாகும். எழுந்து நடக்காமல் கிடந்தால் காலில் ரத்தம் உறையலாம். வலியில் சுரக்கும் ஹார்மோன்கள் சுகரையும் பி.பி.யையும் ஏற்றிவிடும். உங்களுக்கு இரண்டும் இருப்பதால் வலியைக் கட்டுக்குள் வைப்பது சிகிச்சையில் ஒரு பகுதியே தவிர சொகுசு அல்ல.

அதே நேரத்தில், "வலியே தெரியாது" என்று உங்களுக்குச் சொன்னதையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அப்படி நம்பிக்கொண்டு போனால் ராத்திரி லேசாக வலி எடுத்ததுமே ஏதோ தவறாகிவிட்டது என்று பயந்துவிடுவீர்கள். இருமினாலும், புரண்டு படுத்தாலும், எழுந்து பாத்ரூம் போனாலும் தாங்கக்கூடிய வலியாக இருக்க வேண்டும். நாங்கள் வைத்துக்கொள்ளும் இலக்கு அதுதான். அசையாமல் படுத்திருக்கும்போது வலி இல்லை என்பது ஒரு கணக்கே இல்லை. யாராவது வந்து 10-க்கு எத்தனை வலி என்று கேட்டால், ஒரு முறை இருமிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

வயிற்றுச் சுவர் வலி வேறு, உள்வலி வேறு

உங்களுக்கு வரப்போவது இரண்டு வகை வலி. தோல், தசை, வயிற்றின் உள்சவ்வு என்று கத்தி பட்ட சுவரில் வருவது ஒன்று. சுரீர் என்று, விரலால் தொட்டுக் காட்டக்கூடிய இடத்தில் வலிக்கும். மற்றொன்று கர்ப்பப்பை இருந்த ஆழத்திலிருந்து வருவது. மாதவிலக்கு வலி மாதிரி அடிவயிற்றை இழுத்துப் பிடிக்கும், இடம் சொல்லத் தெரியாது. இரண்டும் தனித்தனி நரம்புகள் வழியாக மூளைக்குப் போகின்றன.

உங்களிடம் சொன்ன அந்தப் பக்கவாட்டு ஊசியை நாங்கள் 'டேப் பிளாக்' என்போம். வயிற்றின் பக்கவாட்டில் மூன்று தசைகள் துணி மடித்து வைத்த மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. சுவருக்கு வரும் நரம்புகள் இரண்டாவது தசைக்கும் மூன்றாவது தசைக்கும் நடுவில் ஓடுகின்றன. ஸ்கேன் திரையில் அந்த இடைவெளி ஒரு வெள்ளைக் கோடாகத் தெரியும். ஊசி முனை அங்கே சேர்ந்து மருந்து இறங்கியதும், ஒட்டியிருந்த கோடு மெல்லப் பிரிந்து நடுவில் கறுப்பாக ஒரு இமை திறக்கும். அந்தக் கறுப்பு பரவுவதைப் பார்த்துத்தான் சரியான இடம் என்று உறுதி செய்கிறோம். அடிவயிற்றில் போடும் வெட்டுக்கு இது நல்ல முறை. ஆனால் சுவர் வலியை மட்டும்தான் இது தடுக்கும். ஆழத்து வலிக்கு இதில் ஒன்றும் கிடையாது. இந்த ஒரு ஊசியை மட்டும் போட்டுவிட்டு "எல்லாம் சரியாகிவிடும்" என்று விட்டால் அது அரைகுறை வேலை.

மருந்து வேலை செய்யும் விதம் எளிமையானதுதான். நரம்பில் செய்தி ஓட சோடியம் அயனிகள் உள்ளே நுழைய வேண்டும். இந்த மருந்து அந்த வாசலை அடைத்துக்கொள்கிறது. மருந்து கரைந்து ரத்தத்தில் போனதும் வாசல் திறந்துவிடும், நரம்புக்குச் சேதம் இல்லை. 1884-ல் வியன்னாவில் கண் அறுவைக்குக் கொக்கெய்ன் சொட்டு விட்டுத் தொடங்கிய வழி இது. ஸ்வீடனில் 1943-ல் லிக்னோகெய்னும் 1957-ல் பியூபிவக்கெய்னும் உருவான பிறகு பாதுகாப்பு பல மடங்கு கூடியது. உங்களுக்குப் போடப்போவது பெரும்பாலும் பியூபிவக்கெய்ன் அல்லது ரோபிவக்கெய்ன்.

ஸ்கேன் இல்லாத மருத்துவமனையாக இருந்தால் மனம் தளர வேண்டாம். கருவில் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் 1994-ம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு ஸ்கேன் கருவியையும் பதிவு செய்தாக வேண்டும். சிறிய மருத்துவமனைகள் பலவற்றில் தியேட்டருக்கென்று தனிக் கருவி இல்லாமல் இருப்பதற்கு விலையோடு இதுவும் ஒரு காரணம். வயிற்றை மூடும்போது ஆபரேஷன் செய்யும் டாக்டரே வெட்டின் ஓரங்களில் அடுக்கடுக்காக அதே மருந்தைச் செலுத்தலாம். செலவு மிகக் குறைவு, கருவி வேண்டாம், பலனும் நன்றாகவே இருக்கும். பின்னால் சொல்லப்போகும் மார்ஃபின் சேர்த்த முதுகு ஊசி போடாதவரை, இரண்டில் ஏதோ ஒன்று நடக்காமல் உங்கள் வயிற்றை மூடக் கூடாது. நான் வலியுறுத்துவது அவ்வளவுதான்.

இரண்டையும் சேர்த்துச் செய்வதாக இருந்தால் ஒரு கணக்கு வேண்டும். பியூபிவக்கெய்னுக்குப் பொதுவாகக் கிலோவுக்கு 2 மில்லிகிராம் என்று எல்லை வைத்துக்கொள்கிறோம். உங்கள் 60 கிலோவுக்கு 120 மில்லிகிராம். பக்கத்துக்கு 20 மில்லி வீதம் 0.25 சதவீத மருந்து போட்டாலே 100 மில்லிகிராம் ஆகிவிடும். அதன் மேல் இன்னொரு டாக்டர் தையலில் 20 மில்லி செலுத்தினால் 150-ஐத் தொட்டுவிடும். மருந்து அளவு மீறி ரத்தத்தில் ஏறினால் உதடு மரக்கும், வாயில் உலோகச் சுவை வரும், காதில் இரையும். மோசமானால் வலிப்பு வரலாம், இதயத் துடிப்பு தடுமாறலாம். இது அபூர்வம். இதற்கு முறிவாக 20 சதவீத லிப்பிட் என்ற கொழுப்புத் திரவத்தை ரத்தக் குழாயில் ஏற்றுகிறோம். அது தியேட்டரில் இருக்கிறதா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. விழித்திருக்கும்போது இந்த ஊசி போட்டால் வாய் மரப்பதையும் காது இரைவதையும் உடனே சொல்லிவிடுங்கள்.

ராத்திரி ஒரு மணி

உங்கள் கடிதத்தில் இருக்கும் அந்த ராத்திரிக்கு வருகிறேன். ஒரு தடவை போடும் டேப் பிளாக் பொதுவாக 8 முதல் 12 மணி நேரம் வரை தாங்கும். சிலருக்கு அதற்கு மேலும் போகும். காலை பத்து மணிக்கு ஆபரேஷன் தொடங்கி, பகல் ஒரு மணிக்கு முடிவில் ஊசி போட்டார்கள் என்று வையுங்கள். சாயங்காலம் வந்து பார்க்கிற டாக்டரிடம் "நல்லா இருக்கேன் டாக்டர்" என்று சிரிப்பீர்கள். அவர் எழுதி வைத்த வலி மருந்தை, நீங்கள் நன்றாக இருக்கிறீர்கள் என்பதாலேயே, ராத்திரி எட்டு மணிக்குக் கொடுக்காமல் விட்டுவிடுவார்கள். நீங்களும் தூங்கிவிடுவீர்கள். ராத்திரி ஒரு மணிக்கு மரப்பு விடும். வார்டில் முப்பது பேருக்கு ஒரு நர்ஸ் இருக்கும் நேரம் அது. வலி உச்சத்துக்கு ஏறிய பிறகு மருந்து கொடுத்தால் அது கேட்க நேரமாகும். நான் பார்த்த 'ஊசி போட்டும் பயனில்லை' என்ற புகார்களில் பெரும்பாலானவை இப்படி நடந்தவைதான். ஊசி தன் வேலையைச் செய்தது. அது விடும் நேரத்துக்கு யாரும் ஏற்பாடு செய்து வைக்கவில்லை.

ஆகவே நீங்கள் கேட்க வேண்டியது: வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் மணி பார்த்துக் கொடுக்கும் மருந்து. பாராசிட்டமால் 6 மணி நேரத்துக்கு ஒரு முறை, முதல் இரண்டு மூன்று நாள், ராத்திரியும் எழுப்பிக் கொடுக்க வேண்டும் என்று கேஸ் ஷீட்டில் எழுதியிருக்க வேண்டும். உங்கள் எடைக்கு ஒரு வேளைக்கு 1 கிராம் வரை கொடுக்கலாம், ஒரு நாளைக்கு 4 கிராமைத் தாண்டக் கூடாது. கல்லீரல் கோளாறு இருந்தால் இன்னும் குறைவு. சாதாரணக் காய்ச்சல் மாத்திரைதானே என்று இதை அலட்சியமாக நினைக்கிறார்கள். நேரம் தவறாமல் கொடுத்தால் மற்ற மருந்துகளின் தேவையை இது நன்றாகவே குறைக்கும்.

இதோடு டைக்ளோஃபெனாக், கீட்டோரோலாக் வகை மருந்து சேர்ந்தால் ஆழத்து வலியும் அடங்கும். ஆனால் சுகர், பி.பி. இருக்கும் உங்களுக்கு அதைக் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கக் கூடாது. கிரியாட்டினின் பார்த்து, சிறுநீரகம் நன்றாக இருந்தால் மட்டும், குறைந்த நாட்களுக்கு. வயிற்றுப்புண் முன்பு வந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். இவை இரண்டும் போதாதபோது கொடுக்க டிரமடால், ஃபென்டனில், மார்ஃபின் போன்றவை. மார்ஃபின் வைத்திருக்க 1985-ம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டப்படி அனுமதி வேண்டும். 2014-ல் சட்டத்தைத் திருத்தி நடைமுறையை எளிதாக்கினார்கள், ஆனாலும் பல சிறிய மருத்துவமனைகளில் இன்றும் மார்ஃபின் கிடையாது. உங்கள் மருத்துவமனையில் இல்லையென்றால் மரத்துப்போகும் ஊசியின் மதிப்பு இன்னும் கூடுகிறது.

ஊசியின் பலன் இருக்கும் நேரத்தில் இரண்டு விஷயத்தில் கவனம் வேண்டும். சில சமயம் மருந்து தொடை நரம்பு வரை பரவி, ஒரு கால் தொளதொளவென்று இருக்கும். முதல் தடவை கட்டிலை விட்டு இறங்கும்போது இரண்டு பேர் பக்கத்தில் நிற்கட்டும். அடுத்தது, வெந்நீர்ப் பை. வயிறு உப்புசமாக இருக்கிறது என்று வீட்டார் அன்பாகக் கொண்டுவந்து வைப்பார்கள். மரத்த தோலுக்குச் சூடு தெரியாது. ஒத்தடம் கொடுத்த இடத்தில் கொப்புளம் வந்த பிறகுதான் தெரியவரும். சுகர் இருப்பவருக்கு அந்தப் புண் ஆற எத்தனை நாளாகும் என்று உங்களுக்கே தெரியும். வயிற்றுக்கு முழு உணர்வு திரும்பும்வரை வெந்நீர்ப் பை வேண்டாம். இருமும்போது ஒரு சின்னத் தலையணையை வெட்டின்மேல் இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆபரேஷனுக்கு முன்பே வீட்டில் நாலு தடவை பழகிப் பாருங்கள்.

முதுகு ஊசியும் முதுகுவலியும்

உங்கள் முதுகுவலி பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதற்குக் காரணம் ஊசி என்பதை ஏற்க முடியவில்லை. ஊசி குத்திய இடத்தில் சில நாட்கள் நோவு இருக்கும், அது உண்மை. வருடக்கணக்கான வலியைப் பொறுத்தவரை, பிரசவத்தில் முதுகில் ஊசி போட்டுக்கொண்ட பெண்களையும் போடாதவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்ததில் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருந்தது. கர்ப்பத்தில் இடுப்பு மூட்டுகளின் தசைநார்கள் தளர்கின்றன, வயிற்றுத் தசை பலம் இழக்கிறது. அதன் பிறகு பிள்ளையைத் தூக்குவதும், குனிந்து பாலூட்டுவதும், தண்ணீர்க் குடமும். தையல் வலியில் குனிந்தே நடந்த நாட்களும் உண்டு. ஊசி மட்டும்தான் கண்ணுக்குத் தெரிந்த சம்பவம் என்பதால் பழி அதன்மேல் விழுகிறது. இப்போது இவ்வளவு பெரிய கட்டி இருக்கிறதே, அதுவே முதுகை இழுக்கலாம். எடுத்த பிறகு எவ்வளவு குறைகிறது என்று பாருங்கள்.

முதுகு ஊசிக்குப் பிறகு வரக்கூடியது ஒரு வகைத் தலைவலி. உட்கார்ந்தால் வரும், படுத்தால் போகும். மெல்லிய ஊசிகள் வந்த பிறகு குறைந்துவிட்டது, வந்தாலும் சிகிச்சை உண்டு. பி.பி. இறங்கும், சிறுநீர் கழிக்கச் சிரமம் இருக்கும். உங்களுக்கு எப்படியும் சிறுநீர்க் குழாய் வைத்திருப்பார்கள் என்பதால் அது பெரிய சங்கடம் ஆகாது.

முதுகில் இரண்டு விதம் உண்டு என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் சிசேரியனுக்குப் போட்டது ஸ்பைனல், ஒரே ஊசி, இரண்டு மூன்று மணி நேரத்தில் காலுக்கு உணர்வு திரும்பிவிடும். அதே ஊசியில் மிகச் சிறிய அளவு மார்ஃபின் சேர்த்தால் சுவர் வலி, உள்வலி இரண்டுமே ஏறக்குறைய ஒரு நாள் முழுக்க அடங்கியிருக்கும். அரிப்பும் குமட்டலும் வரலாம். மிக அபூர்வமாக மூச்சு மந்தப்படும் என்பதால் அன்று ராத்திரி மூச்சு எண்ணிக்கையை எண்ணிப் பார்க்க ஆள் வேண்டும், அது இல்லாத இடத்தில் இதைச் செய்யக் கூடாது. மார்ஃபின் சேர்த்த ஸ்பைனல் போட்டாகிவிட்டால் அதற்கு மேல் டேப் பிளாக்கால் கிடைப்பது சொற்பம்தான். அப்படி முடிவானால் பக்கவாட்டு ஊசி போடவில்லையே என்று வருந்த வேண்டாம்.

இன்னொன்று எபிடூரல். மெல்லிய குழாயை முதுகில் வைத்துவிட்டு இரண்டு மூன்று நாள் தொடர்ந்து மருந்து செலுத்துவது. கீழிருந்து மேல்வயிறு வரை நீளமாகத் திறக்கும் ஆபரேஷனுக்கு இது மிக நல்லது. உங்களுடையது அடிவயிற்றில் குறுக்கு வெட்டாக இருந்தால் எபிடூரல் தேவைப்படாது என்பது என் அபிப்பிராயம். கட்டி பெரிது என்று நடுக்கோட்டில் தொப்புளைத் தாண்டித் திறக்கப்போகிறார்கள் என்றால் யோசிக்கலாம். வெட்டு எந்தப் பக்கம், எவ்வளவு நீளம் என்று மகப்பேறு மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, பிறகு மயக்க மருந்து மருத்துவரிடம் போங்கள்.

பல் டாக்டரிடம் நடந்தது

நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். படபடப்பு, நடுக்கம், கண் இருட்டல். பத்து நிமிடத்தில் சரியாகி, அன்றே பல்லையும் எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். தடிப்போ, உதடு வீக்கமோ, மூச்சிரைப்போ வந்ததாக எழுதவில்லை. இது அலர்ஜி மாதிரி தெரியவில்லை. பல்லுக்குப் போடும் லிக்னோகெய்னில் மருந்து சீக்கிரம் கரையாமல் இருக்க அட்ரினலின் கலந்திருக்கும், பெரும்பாலும் 80,000-ல் ஒரு பங்கு. அதில் கொஞ்சம் ரத்தக் குழாயில் போனாலே நெஞ்சு அடித்துக்கொள்ளும். பயத்திலும் ஊசியைப் பார்த்த மாத்திரத்திலும் மயக்கம் வருவது தனி. இந்த வகை மருந்துகளுக்கு உண்மையான அலர்ஜி மிகவும் அரிது. அதோடு, இரண்டாவது சிசேரியனில் முதுகில் போட்டதும் இதே குடும்பத்து மருந்துதான், அப்போது உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஆனால் நான் தூரத்திலிருந்து கடிதம் படித்துச் சொல்கிறேன். அதனால் "எனக்கு அலர்ஜி" என்றும் சொல்லாதீர்கள், சொல்லாமலும் இருந்துவிடாதீர்கள். நடந்ததை நடந்த வரிசையில் சொல்லுங்கள். வெறும் "அலர்ஜி" என்று மட்டும் எழுதிவிட்டால் அதற்குப் பயந்து உங்களுக்கு மிகவும் உதவக்கூடிய மருந்தையே ஒதுக்கிவிடுவார்கள். சந்தேகம் மிஞ்சினால் அலர்ஜி மருத்துவரிடம் அனுப்பிச் சோதித்துக்கொள்ள மூன்று வாரம் இருக்கிறது.

நாத்தனார் சொன்னது

டாக்டர் எழுதிய அளவில் வலி மருந்து சாப்பிடுவதால் தையல் ஆறாமல் போகாது. உங்களுக்குத் தையல் ஆறுவதைத் தடுக்கக்கூடியது கட்டுக்கடங்காத சுகர், ரத்தசோகை, கிருமித்தொற்று. பழகிவிடும் என்ற பயம் மார்ஃபின், டிரமடால் வகைக்கு மட்டும் பொருந்தும், அதுவும் வாரக்கணக்கில் காரணமில்லாமல் தொடர்ந்தால். இரண்டு மூன்று நாள் அளவோடு கொடுத்து நிறுத்துவதற்கு அந்தப் பயம் வேண்டியதில்லை. இப்போது ஊசியில் போடும் மரத்துப்போகும் மருந்துக்கு யாரும் அடிமையாவதில்லை.

ஒரு விஷயத்தில் அவருடைய எச்சரிக்கை உணர்வை நான் மதிக்கிறேன். எல்லா வலியையும் மருந்தால் அமுக்கிவிடக் கூடாது. குறைந்துகொண்டே வந்த வலி திடீரென்று ஏறினாலோ, காய்ச்சல், வயிறு கல் மாதிரி உப்புவது, நாடித் துடிப்பு அதிகரிப்பது, பிறப்புறுப்பில் புது ரத்தம், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிப்பது ஆகியவற்றில் ஏதாவது இருந்தாலோ இன்னொரு ஊசி போட்டுத் தூங்கவைக்காமல் டாக்டர் வந்து வயிற்றைத் தொட்டுப் பார்க்க வேண்டும்.

கையெழுத்து யாருடையது?

உங்கள் கணவர் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் சுயநினைவோடு இருக்கும் வயது வந்த பெண்ணின் ஆபரேஷனுக்கு அந்தப் பெண்ணின் சம்மதம்தான் சம்மதம். 2008-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன வழக்கு ஒன்று கர்ப்பப்பை பற்றியதே. உள்ளே பார்த்துப் பரிசோதிப்பதற்கு மட்டும் சம்மதம் கொடுத்துவிட்டு மயக்கத்தில் இருந்த பெண்ணுக்கு, வெளியே இருந்த அவருடைய தாயாரிடம் சம்மதம் வாங்கிக் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். தாயார் கொடுத்த சம்மதம் செல்லாது என்றது நீதிமன்றம். சிகிச்சை என்ன, வேறு வழி உண்டா, ஆபத்து என்ன என்பதை நோயாளிக்குப் போதுமான அளவு விளக்கிய பிறகு பெறுவதே சம்மதம் என்றும் சொன்னது.

மயக்க மருந்துக்கான படிவம் தனியாக இருக்கும். அதை ஆபரேஷன் அன்று காலை, ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டு கையெழுத்துப் போடும்படி விட்டுவிடாதீர்கள். மூன்று வாரத்துக்குள் ஒரு நாள் மயக்க மருந்து மருத்துவரை நேரில் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். கணவரையும் கூட்டிப் போங்கள், பக்கத்தில் உட்கார்ந்து கேட்கட்டும்.

விளக்கம் கேட்கவும், வேண்டாம் என்று சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் "எனக்கு இந்த ஊசிதான் போட வேண்டும்" என்று டாக்டரைக் கட்டாயப்படுத்தும் உரிமை கிடையாது. அவருக்குப் பழக்கமில்லாத ஊசியை உங்களுக்காக முதல் தடவை போட்டுப் பார்ப்பதை நீங்களும் விரும்ப மாட்டீர்கள். "நீங்கள் வழக்கமாக எப்படிச் செய்வீர்கள், ராத்திரி மரப்பு விட்டதும் எனக்கு என்ன ஏற்பாடு?" என்று கேளுங்கள். நல்ல மருத்துவர் இந்தக் கேள்விக்கு நின்று பதில் சொல்வார். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சேரப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். தொகுப்புத் தொகையில் இந்த ஊசியும் ராத்திரி மருந்துகளும் அடக்கமா என்பதைக் காப்பீட்டு மேஜையில் முன்பே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அந்த மூன்றாவது மாத்திரை

கடிதம் முழுவதிலும் என்னை நிறுத்தியது "ரத்தம் லேசாக ஒன்று" என்ற மூன்று சொற்கள்தான். அதன் பெயர் எழுதவில்லை. அது ஆஸ்பிரின் 75 மட்டும் என்றால் முதுகில் ஊசி போட அது பொதுவாகத் தடையில்லை. குளோபிடோக்ரெல் என்றாலோ, ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் சேர்ந்த மாத்திரை என்றாலோ கதை வேறு. அதன் வேகம் ரத்தத்தில் தணிய 5 முதல் 7 நாள் ஆகும். அதற்குள் முதுகில் ஊசி போட்டால் தண்டுவடத்தைச் சுற்றி ரத்தம் கட்டி கால்கள் செயலிழக்கும் அபாயம் இருக்கிறது. அபூர்வம்தான், ஆனால் சில மணி நேரத்துக்குள் கண்டுபிடித்து அறுவை செய்யாவிட்டால் மீள்வது கடினம். ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் போன்றவற்றுக்கு இன்னொரு கணக்கு. வயிற்றின் பக்கவாட்டு ஊசிக்கும் தையலில் போடும் ஊசிக்கும் இந்த ஆபத்து மிகக் குறைவு என்பதால், மாத்திரையை நிறுத்த முடியாதவர்களுக்கு நாங்கள் அந்த வழியைத்தான் தேடுவோம்.

அதற்காக நீங்களாகவே மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர் அப்படி நிறுத்தினால் ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளும். அந்த மாத்திரையை எழுதிக்கொடுத்த டாக்டர் எதற்காகக் கொடுத்தார், எத்தனை நாள் முன்பு நிறுத்தலாம், நிறுத்தலாமா என்பதை அவர் கையாலேயே ஒரு சீட்டில் வாங்கிக்கொள்ளுங்கள். சுகர் மாத்திரையின் பெயரையும் காட்டுங்கள். டாப்பாகிளிஃப்ளோசின் போன்றதாக இருந்தால் அதையும் ஆபரேஷனுக்குச் சில நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள்.

இன்றே மூன்று மாத்திரை அட்டைகளையும் எடுத்து, பெயர் தெரியும் பக்கத்தைச் செல்போனில் படம் பிடித்து வையுங்கள். மயக்க மருந்து மருத்துவர் முன்னால் உட்கார்ந்ததும், பல் டாக்டர் கதைக்கும் முன்னால், அந்தப் படத்தைக் காட்டுங்கள்.